‘ஃபைண்ட்’ என்ற வினையைத் தமிழாக்குவது எப்படி? புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களுக்கு அஞ்சுகிறார்கள். கலைச்சொல்லுக்கு அகராதி உண்டு, துறைவாரியான சொற்பட்டியல் உண்டு, கேட்டால் விளக்கத் துறை வல்லுநர்களும் உண்டு. உண்மையான தொல்லை, யாரும் அகராதியில் தேடிப் பார்க்காத சின்னஞ்சிறு வினைகளிடமிருந்துதான் வருகிறது. அவற்றுள் முதன்மையானது ‘ஃபைண்ட்’. பள்ளியில் ‘கண்டுபிடி’ என்று ஒற்றைப் பொருளோடு மனத்தில் பதிந்துவிட்ட இந்த வினை, தொலைந்த சாவியிலிருந்து நீதிமன்றத் தீர்ப்புவரை எல்லா இடத்திலும் வரும். ‘கண்டுபிடி’ என்ற சொல்லோ அவற்றுள் சில இடங்களில் மட்டுமே பொருந்தும். இதனோடு நெடுநாள் போராடிய பிறகு எனக்கு அமைந்த வேலைமுறையை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நீங்கள் அதே போராட்டத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டியதில்லை.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆங்கிலத்துக்குக் கற்போர் அகராதி ஒன்று போதும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்று நிறுவனங்களின் கற்போர் அகராதிகளையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒரு வினைக்குப் பின்னால் என்ன அமைப்பு வரும் என்பதை இவ்வகை அகராதிகள் பொருளோடு சேர்த்தே காட்டுகின்றன. நமக்குத் தேவையானது அந்தத் தகவல்தான். ஆக்ஸ்ஃபோர்டின் ஆங்கிலப் பேரகராதியை முழுமையாகப் படிக்கச் சந்தா செலுத்த வேண்டும். அது சொல்லின் வரலாற்றை விரிவாகத் தரும் நூல் என்பதால், இந்த வேலைக்காக மட்டும் அந்தச் செலவு வேண்டாம்.

தமிழுக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யை வாங்குங்கள். 1992இல் முதற்பதிப்பு கண்ட இவ்வகராதியின் மூன்றாம் பதிப்பு 2020இல் வெளிவந்தது. அதில் காண், கண்டுபிடி, கண்டெடு, கிடை, தென்படு, படு ஆகிய பதிவுகளை எடுத்துக்காட்டுகளோடு ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்றாலும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த நூல் அது. இன்றைய வழக்கை உறுதிசெய்ய அதை நம்ப வேண்டாம்.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. அவை பெரும்பாலும் இணைச்சொற்களை வரிசையாக அடுக்கித் தருகின்றன. எந்தச் சூழலுக்கு எது என்று சொல்வதில்லை. வரிசையில் முதலாவதாக இருப்பதை எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் இந்த வினை விஷயத்தில் நிகழும் பிழைகளில் பெரும்பகுதிக்குக் காரணம்.

வேலை கொடுப்பவரிடம் சொற்பட்டியலும் நடைக் கையேடும் இருந்தால் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வெளியான தமிழ் ஆவணம் இருந்தால் அதையும் கேளுங்கள். பாதி வேலை முடிந்தபின் வரும் சொற்பட்டியல், முடித்த பாதியை மீண்டும் செய்யவைக்கும்.

2. சொல் வரும் இடங்களை எல்லாம் முதலில் குறியுங்கள்

மொழிபெயர்க்கத் தொடங்குமுன் மூல ஆவணத்தில் ‘ஃபைண்ட்’, அதன் இறந்தகால வடிவமான ‘ஃபவுண்ட்’ ஆகிய இரண்டையும் தேடிக் குறியிட்டுக்கொள்ளுங்கள். ஆவணம் எந்த வகையானது, வினை எந்தப் பொருளில் அதிகம் வருகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘ஃபவுண்ட்’ என்பது நிறுவுதல், தோற்றுவித்தல் என்ற பொருளில் தனி வினையாகவும் இருக்கிறது. அதன் இறந்தகாலம் ‘ஃபவுண்டட்’. ‘டு’, ‘வில்’ போன்றவற்றுக்குப் பின்னால் ‘ஃபவுண்ட்’ வந்தால் அது இந்த இரண்டாவது வினையாகத்தான் இருக்க முடியும். ஒருவர் பள்ளியை ‘ஃபவுண்ட்’ செய்யப்போகிறார் என்றால் பள்ளியைத் தேடிப் போகிறார் என்று பொருளல்ல, தொடங்கப்போகிறார் என்று பொருள். ‘அன்ஃபவுண்டட்’ என்ற அடையும் இந்த நிறுவுதல் வினையிலிருந்து வந்ததே. அடித்தளமில்லாத, ஆதாரமற்ற என்பது அதன் பொருள். ‘கண்டுபிடிக்கப்படாத குற்றச்சாட்டு’ என்று அது தமிழில் வந்தால் சட்ட ஆவணமே தலைகீழாகிவிடும்.

3. வினையை விட்டுவிட்டு அதன் பின்னால் வருவதைப் பாருங்கள்

குறியிட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த வினைக்குப் பின்னால் என்ன வருகிறது? பொருளோ ஆளோ வந்தால் படி 4. பொருளோ ஆளோ வந்து, கூடவே அதன் நிலையைச் சொல்லும் சொல்லும் வந்தால் படி 5 அல்லது 6. ‘தட்’ என்று தொடங்கும் முழு வாக்கியம் வந்தால் அறிக்கையோ தீர்ப்போ ஆக இருக்கலாம், படி 7. ‘அவுட்’ என்ற ஒட்டு வந்தால் படி 8. ‘டைம்’, ‘வே’, ‘ஃபால்ட்’ போன்ற பெயர்ச்சொற்கள் வந்தால் பெரும்பாலும் மரபுத்தொடர்; படி 10. வினையின் பொருளை நினைவிலிருந்து எடுக்காமல் இப்படி அமைப்பிலிருந்து எடுக்கப் பழகினால், தமிழ்ச்சொல் பெரும்பாலும் தானே வந்து நிற்கும்.

4. பொருளோ ஆளோ கிடைக்கும் இடம்

தேடியபின் கிடைத்ததா, தேடாமலே தட்டுப்பட்டதா என்பதை ஆங்கில வினை சொல்லாது. இரண்டுக்கும் அதே சொல்தான். தமிழ் அப்படி விடாது. வழியில் கிடந்த நாணயத்தைக் கண்டெடுக்கிறோம். ஒளிந்திருப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று தென்படுகிறது. எனவே முந்தைய பத்தியில் தேடல் நடந்ததா என்று பார்த்துவிட்டே வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அன்றாட உரையாடலில் இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது ‘கிடை’. ஆங்கிலத்தில் மனிதர் சாவியைக் ‘ஃபைண்ட்’ செய்கிறார். தமிழில் மனிதருக்குச் சாவி கிடைக்கிறது. ‘சாவியைக் கண்டுபிடித்தாயா?’ என்பது இலக்கணப்படி சரியானதே என்றாலும், நாவலில் ஒரு பாட்டி பேரனிடம் கேட்பதாக இருந்தால் ‘சாவி கிடைச்சுதா?’ என்பதுதான் காதுக்கு ஒட்டும். வேலை, வீடு, நண்பர்கள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். முயற்சியை அழுத்திச் சொல்ல ஆசிரியர் விரும்பியிருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் ‘தேடிக்கொண்டான்’, ‘தேடிப்பிடித்தாள்’ என்று போங்கள்.

ஆட்களைப் பற்றிய செய்தியில் கவனம் தேவை. காணாமற்போன குழந்தையைக் கண்டுபிடிக்கிறார்கள் அல்லது மீட்கிறார்கள். கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையையோ சடலத்தையோதான் கண்டெடுக்கிறார்கள். இரண்டையும் மாற்றிப்போட்டால் வாசகர் பதறிப்போவார்.

‘இஸ் ஃபவுண்ட் இன்’ என்ற செயப்பாட்டு அமைப்பு ஒன்று ஓரிடத்தில் இருப்பதை மட்டுமே சொல்கிறது. அங்கே யாரும் எதையும் கண்டுபிடிப்பதில்லை. இதற்கு எங்கும் ‘காணப்படுகிறது’ என்று எழுதுவது பாடநூல் தமிழின் தீராத பழக்கம். கோலா ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது, இரும்புத் தாது மலையில் கிடைக்கிறது, உப்பு கடல்நீரில் கலந்திருக்கிறது. தோலில் தோன்றும் தடிப்பு போலக் கண்ணால் பார்த்தறியும் அறிகுறிகளுக்குக் ‘காணப்படும்’ என்ற சொல்லை ஒதுக்கிவையுங்கள்.

5. ஒரு நிலையில் காணும் இடம்

என் அனுபவத்தில் புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுவே. ‘ஷீ ஃபவுண்ட் த டோர் லாக்ட்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘கதவு பூட்டப்பட்டிருப்பதை அவள் கண்டாள்’ என்று எழுதினால் பொருள் கெடவில்லை. ஆனால் கதை சொல்லும் தமிழர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது’ என்பார். எதிர்பாராத ஒரு நிலையைச் சந்திப்பதைச் சொல்லத் தமிழ் தனி வினை எதையும் தேடுவதில்லை. ‘பார்த்தால்’ அல்லது ‘பார்த்தபோது’ என்று வைத்துவிட்டு, கண்ட நிலையை நேரடியாகச் சொல்லிவிடுகிறது. ‘திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம்’, ‘பையைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை’ என்பனவும் இதே அமைப்புதான். இரண்டாவதில் ‘பார்’ என்ற வினைகூட இல்லை. ‘திறந்தால்’ என்பதே வியப்பைச் சுமந்துவிடுகிறது.

செய்தி நடைக்கு வேறு வழி வேண்டும். ‘ஃபவுண்ட் டெட்’ என்பதற்கு ‘இறந்து கிடந்தார்’ என்பதே சுருக்கமும் துல்லியமும் உடையது. ‘இறந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார்’ என்பதைத் தவிர்க்கலாம். உயிரோடு இருந்தால் ‘உயிருடன் மீட்கப்பட்டார்’ என்று எழுதலாம். ஆனால் மூலத்தில் மீட்புப் பணி ஏதும் இல்லாமல் இருந்தால் ‘உயிருடன் இருப்பது தெரியவந்தது’ என்பதோடு நின்றுவிடுங்கள்.

காலமோ இடமோ எழுவாயாக வரும் வாக்கியங்களும் இந்த வகையே. விடியற்காலை அவர்களை நடந்துகொண்டிருக்கக் ‘ஃபைண்ட்’ செய்தது என்று ஆங்கிலம் சொல்லும். தமிழில் ‘விடிந்தபோதும் அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்’ என்றால் போதும்; விடியலுக்குக் கண் கொடுக்க வேண்டியதில்லை.

‘ஐ ஃபவுண்ட் மைசெல்ஃப்’ என்பது இதன் நீட்சி. அறியாத தெருவில் தன்னைக் ‘ஃபைண்ட்’ செய்துகொண்டவர் ‘எப்படியோ ஓர் அறியாத தெருவில் நின்றுகொண்டிருந்தேன்’ என்பார். ஒப்புக்கொண்டு தலையாட்டியவர் ‘என்னையறியாமலே தலையாட்டினேன்’ என்பார். ‘எப்படியோ’, ‘தன்னையறியாமல்’ என்ற சொற்களே முழுப் பொருளையும் தாங்கும். ‘என்னை நானே கண்டுபிடித்தேன்’ என்று தானியங்கி மொழிபெயர்ப்பு தரக்கூடிய வரியைத் திருத்தும் வேலை உங்களுக்கு வந்தால், மூலத்தைப் படிக்காமல் திருத்தாதீர்கள். ஆன்மிக நூல்களில் தன்னை அறிதல் என்ற பொருளிலும் அதே ஆங்கிலத் தொடர் வரும்.

6. கருத்தையும் உணர்வையும் சொல்லும் இடம்

‘ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட்’ என்பது கண்டறிதல் அல்ல. ‘எனக்கு இது கடினமாக இருக்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் வைத்தால் முடிந்தது. ஆளைப் பற்றிய கருத்தானால் ‘படு’ என்ற வினை நன்றாக உதவும்: ‘அவர் சற்று அலட்சியமானவராக எனக்குப் படுகிறது’. இது கருத்து மட்டுமே, மெய்ப்பிக்கப்பட்ட செய்தி அல்ல என்பதை இந்த அமைப்பு சொல்லிவிடுகிறது. ‘அவர் அலட்சியமானவர் என்று கண்டறிந்தேன்’ என்று எழுதினால் புலனாய்வு செய்து முடிவுக்கு வந்ததுபோல ஆகிவிடும்.

7. ஆய்வு, மருத்துவம், நீதிமன்றம்

இந்த மூன்று துறைகளிலும் பிழையின் விலை அதிகம். சொல்லழகைவிட, மூல வாக்கியம் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறதோ அதே உறுதியைக் காப்பதே இங்கு முதல் வேலை.

ஓர் ஆய்வு இரண்டு பொருள்களுக்கிடையே ‘ஃபவுண்ட் நோ லிங்க்’ என்று சொன்னால், தொடர்பு இருப்பதற்கான அறிகுறி அந்த ஆய்வில் தென்படவில்லை என்பதுதான் பொருள். ‘தொடர்பு இல்லை என்று ஆய்வு கண்டுபிடித்தது’ என்று எழுதும்போது தொடர்பின்மையே மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடுகிறது. எதிர்மறை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்: ஆங்கிலத்தில் அது கிடைத்த பொருளின்மேல் நிற்கிறது, தமிழில் அதைக் ‘கிடைக்கவில்லை’, ‘தெரியவில்லை’ என்று வினையின்மேல் கொண்டுவர வேண்டும். ‘தொடர்பு இருப்பதாக இந்த ஆய்வில் தெரியவரவில்லை’ என்பது பாதுகாப்பானது. செய்தித் தலைப்புகள் இந்த இடத்தில் அடிக்கடி வழுக்குகின்றன.

ஆய்வே எழுவாயாக வருவதையும் மாற்றிப் பழகுங்கள். ‘ஆய்வு கண்டுபிடித்தது’ என்பதைவிட ‘ஆய்வில் தெரியவந்தது’ இயல்பானது. பெயர்ச்சொல்லான ‘ஃபைண்டிங்ஸ்’ ஆய்வறிக்கையில் ‘முடிவுகள்’ ஆகலாம். ஆனால் அதே அறிக்கையில் ‘ரிசல்ட்ஸ்’, ‘கன்க்ளூஷன்’ என்ற தலைப்புகளும் இருந்தால் மூன்றுக்கும் ‘முடிவு’ என்று வந்து நிற்கும். தொடக்கத்திலேயே மூன்றுக்கும் தனித்தனிச் சொல் முடிவுசெய்து சொற்பட்டியலில் எழுதிவையுங்கள். மருத்துவ அறிக்கையில் ‘பரிசோதனையில் தெரிந்தவை’ என்பது பொருந்தும். ‘கண்டறிதல்’ என்று போட்டால் நோய் இன்னதென்று மருத்துவர் முடிவுசெய்யும் நிலையோடு குழம்பும். ஸ்கேனில் தெரிந்தது ஒன்று, அதிலிருந்து முடிவுசெய்த நோய் மற்றொன்று.

நீதிமன்றத்தில் ‘ஃபவுண்ட் கில்ட்டி’ என்பது ‘குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்’. ‘தண்டிக்கப்பட்டார்’ என்று தாண்டிப் போகாதீர்கள். ஜூரி முறை உள்ள வழக்குகளில் குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரி முடிவுசெய்வதும், தண்டனையை நீதிபதி பின்னர் அறிவிப்பதும் பொதுவான நடைமுறை. இரண்டுக்கும் இடையே வாரங்கள்கூடக் கழியலாம். இதே வினை ‘ஃபார்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ என்ற சொல்லோடு வந்தால் ஒரு தரப்புக்குச் சாதகமாக அல்லது எதிராகத் தீர்ப்பளித்தல். ‘நாட் கில்ட்டி’ என்பதை ‘நிரபராதி’ என்று மாற்றுவதிலும் நிதானம் வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதற்குமேல் அந்தத் தீர்ப்பு எதையும் சொல்வதில்லை.

8. ‘அவுட்’ சேரும்போது

‘ஃபைண்ட் அவுட்’ செய்தியைத்தான் தேடும், கையில் எடுக்கும் பொருளைத் தேடாது. எப்படித் தெரிந்தது என்பதைப் பொறுத்துத் தமிழ் பிரியும்: பிறரிடம் கேட்டால் விசாரித்தறிதல், தானாகத் தெரிந்தால் தெரியவருதல், முயன்று அறிந்தால் கண்டறிதல், மறைத்தது வெளிப்பட்டால் அம்பலமாதல். ‘நேற்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது’ என்பது பெரும்பாலான உரையாடல்களுக்குப் போதும். நடுவில் ஆள் வந்தால் மட்டும் பொருள் மாறுகிறது: ஒருவரை ‘ஃபைண்ட் அவுட்’ செய்தல் என்பது அவருடைய ஏமாற்றைப் பிடித்துவிடுதல். ‘குட்டு வெளிப்பட்டது’ என்ற நம் தொடர் அதற்கு அச்சாகப் பொருந்தும், நடை இடங்கொடுத்தால்.

9. ‘டிஸ்கவர்’, ‘இன்வென்ட்’ அருகில் வரும்போது

ஏற்கெனவே இருந்ததை அறிவதும் இல்லாததைப் படைப்பதும் ஆங்கிலத்தில் இருவேறு வினைகள். தமிழில் இரண்டும் ‘கண்டுபிடிப்பு’ என்றே வழங்குகின்றன; வாசகருக்கு அதில் குழப்பமில்லை. இரண்டும் ஒரே கட்டுரையில் வரும்போதுதான் பிரிக்க வேண்டியிருக்கிறது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசியை உருவாக்கி 1876இல் காப்புரிமை பெற்றார். கோளை யாரும் உருவாக்க முடியாது, தொலைபேசி எங்கும் புதைந்துகிடக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தால் வினை தானே பிரிந்துவிடும்.

மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த நிலத்தைக் கடலோடி ஒருவர் ‘டிஸ்கவர்’ செய்ததாக மூலம் சொன்னால், நமக்கு அதில் உடன்பாடு இல்லாவிட்டாலும் ஆசிரியர் சொன்னதைத்தான் தமிழில் தர வேண்டும்; மாற்றுக்கருத்தை வேலை கொடுத்தவருக்குத் தனிக்குறிப்பாக எழுதலாம்.

10. மரபுத்தொடர்கள்

இவற்றைச் சொல்லுக்குச் சொல் தொடாதீர்கள். நேரம் ‘ஃபைண்ட்’ செய்வது நேரம் ஒதுக்குவது. பணம் ‘ஃபைண்ட்’ செய்வது பணம் புரட்டுவது. புதிய இடத்தில் கால்களை ‘ஃபைண்ட்’ செய்வது காலூன்றுவது. கடைசியில் உள்ளதுபோல இரு மொழிகளும் ஒரே உறுப்பைப் பிடித்துக்கொள்வது அரிது. அதைப் பார்த்து மற்றவையும் அப்படியே அமையும் என்று நம்பிவிட வேண்டாம். இதயத்தில் அதை ‘ஃபைண்ட்’ செய்ய முடியவில்லை என்பது ‘மனம் வரவில்லை’. கடிதம் தன் வழியை ‘ஃபைண்ட்’ செய்தது என்பது ‘எப்படியோ வந்து சேர்ந்தது’. குறையை ‘ஃபைண்ட்’ செய்வது குற்றம் காண்பது. பழைய பிரிட்டிஷ் வேலை விளம்பரங்களில் சம்பளத்துக்குப் பின் ‘ஆல் ஃபவுண்ட்’ என்று வந்தால், உணவும் தங்குமிடமும் சம்பளத்தோடு சேர்த்து வழங்கப்படும் என்று பொருள். இதைச் சூழலிலிருந்து ஊகிக்க இயலாது, தெரிந்துவைத்திருப்பதே வழி.

11. கணினித் திரைக்கு எழுதும்போது

மென்பொருளில் ‘ஃபைண்ட்’ என்ற பொத்தான் கண்டுபிடிப்பதில்லை, தேடுகிறது. அதற்குத் ‘தேடு’ என்பதே சரி. ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ என்பது ‘தேடி மாற்று’. தேடலின் விடையாக வரும் ‘நாட் ஃபவுண்ட்’ வேறு: கோப்பானால் ‘கோப்பு இல்லை’, தேடல் முடிவானால் ‘எதுவும் கிடைக்கவில்லை’. ‘கண்டுபிடிக்கப்படவில்லை’ என்ற நீளமான வினை சிறிய திரையில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். எத்தனை எழுத்து அனுமதி என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுத்தும் கணினிக் குறியீடும் ஒன்றுக்கொன்று சமமல்ல. ‘கி’ நம் கண்ணுக்கு ஓரெழுத்து, கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணும்.

12. நேரமும் சரிபார்ப்பும்

மொழிபெயர்ப்புக் கூலி பெரும்பாலும் மூலச்சொற்களின் எண்ணிக்கைப்படிதான் கணக்கிடப்படுகிறது. ‘ஃபைண்ட்’ ஒன்றுக்கு நீங்கள் அரைமணி நேரம் செலவிட்டாலும் அது ஒரு சொல்தான். ஆகவே முதல் வரைவில் ஓரிடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். தற்காலிகமாக ஒன்றை எழுதி, மஞ்சள் குறியிட்டு நகருங்கள். குறியிட்டவற்றை எல்லாம் மறுநாள் ஒரே அமர்வில் பாருங்கள். பத்து இடங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது எங்கே ஒரே வினை திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகிறது என்பதும் தெரியும்.

பிறகு உங்கள் தமிழ் வரைவில் ‘கண்டுபிடி’, ‘கண்டறி’, ‘காணப்படு’ ஆகிய மூன்றையும் தேடுங்கள். முழுச்சொல்லாகத் தேடினால் ‘கண்டுபிடித்த’, ‘கண்டறிந்த’ போன்ற வடிவங்கள் சிக்கா. ‘கண்டு’, ‘கண்டற’, ‘காணப்ப’ என்று தொடக்கத்தை மட்டும் கொடுங்கள். சிக்கிய ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள்.

மொழிபெயர்ப்பு நினைவகம் உள்ள மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு நீங்கள் உறுதிசெய்த தமிழை, அதே ஆங்கில வாக்கியம் எங்கு வந்தாலும் அந்த மென்பொருள் தானே நிரப்பிவிடும். ‘நாட் ஃபவுண்ட்’ என்ற இரண்டு சொல் துணுக்கு ஒரு பக்கத்தில் கோப்பையும் இன்னொரு பக்கத்தில் பயனரையும் குறித்தாலும் அதற்குத் தெரியாது. மூன்று சொல்லுக்குக் குறைவான துணுக்குகளுக்குத் தானியங்கி நிரப்பலை நிறுத்திவைத்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் உறுதிசெய்துவிட்டு ஆவணத்தை அனுப்புங்கள்.